தன்மை ஒருமை

திருவிதாங்கூர் நாட்டில் புலையர் ஒருவர் மேல்சாதிக்காரரிடம் பேசும்போது 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் தின்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது. 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கன்றுகள் என்றோ குரங்குகள் என்றோ குறிப்பிட வேண்டும். தன் மூச்சு எதிரே நிற்பவர்மேல் பட்டுவிடாதபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேச வேண்டும். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். தங்கள் பணியின் வெளிச்சம் தெரிய வேண்டுமென்று மிஷனரிகள் சுற்றியிருந்த இருட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே தீட்டுவதுண்டு. அவர்கள் எழுத்தை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் 'ஆசார பாஷை' என்ற இந்தப் பேச்சுமுறையைப் பற்றி மலையாள நாட்டார் எழுதியவையும் இதையேதான் சொல்கின்றன.

இலக்கணத்தில் தன்மை ஒருமை என்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் நிற்க ஒரு கூட்டத்துக்கே உரிமை மறுக்கப்பட்டிருந்தது.

கிறிஸ்தவ நம்பிக்கை மனிதருக்குத் தன்மதிப்பைத் தருகிறது என்பது இன்று ஞாயிறுதோறும் கேட்கிற பிரசங்கம். பெரும்பாலும் அது மனச்சோர்வுக்கு மருந்தாகச் சொல்லப்படுகிறது: நீ விலை மதிப்பற்றவன், உன்னைப் பெயர் சொல்லி அழைத்த ஒருவர் இருக்கிறார், தலை நிமிர்ந்து போ. கேட்பவருக்கு அது ஆறுதல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் இதே போதனை வேலை செய்த விதம் வேறு. அங்கே தன்மதிப்பு முதலில் மனத்துக்குள் முளைக்கவில்லை. பெயராக, ஓய்வு நாளாக, எழுத்தாக, மேலே போட்டுக்கொள்ளும் ஒரு முழத் துணியாக வந்தது. அதைக் கையில் வாங்கியவர்கள் பிறகு கொடுத்தவர்களின் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள மயிலாடி இன்று கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே மகாராசன் என்ற சாம்பவர் இருந்தார். பக்திமான். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாகியிருந்த உறவினர்களின் தொடர்பால் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடும் தமிழ் நூல்களோடும் ஊர் திரும்பினார். அவர் கூப்பிட்டுத்தான் பிரஷ்ய நாட்டு மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து கறுப்பு மனிதரைக் கண்டெடுத்தார் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை மயிலாடியில் செல்லாது. இங்கே தேடிப் போனவர் மகாராசன். 1809இல் மயிலாடியில் கோயில் கட்டப்பட்டது.

ரிங்கல்தௌபேக்குத் தன் சபையாரைப் பற்றிப் பெரிய மயக்கம் ஏதும் இல்லை. வழக்கில் உதவி கிடைக்கும், வரியும் ஊழியமும் குறையும் என்று எண்ணி வருகிறார்கள் என்று அவரே குறைப்பட்டிருக்கிறார். ஊழியம் என்றால் அன்று அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. (அதே சொல் இன்று சபைகளில் இறைப்பணியைக் குறிக்கிறது. ஒரு சொல் ஞானஸ்நானம் பெறுவதும் இப்படித்தான் போலும்.) சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு அன்றே தொடங்கிவிட்டது. அந்த ஏச்சில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: உண்மையான பக்தி வயிற்றிலிருந்தும் முதுகிலிருந்தும் பிரிந்து நிற்கும் என்பது. முதுகில் சுமை இல்லாதவர்களுக்கு அப்படி நினைப்பது எளிது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் தன் உடம்பு தனக்கே சொந்தமாக இருப்பதை முதன்முறையாக உணர்ந்தவருக்கு, ஆதியாகமம் சொல்லும் 'தேவசாயல்' என்ற கருத்து வெறும் தத்துவமாக இருந்திருக்காது.

பெயர் அதைவிட ஆழமாகப் போனது. அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரின் வரலாற்றில் எல்லோரும் அறிந்த ஒரு செய்தி உண்டு. 1809இல் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். சாணார் வீட்டுப் பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்பார்கள். அந்தச் சூழலில் வேதமாணிக்கம், ஞானமுத்து, சத்தியநாதன் என்று பதிவேட்டில் எழுதி, ஊரறியக் கூப்பிடுவது சின்னச் செயலா? இந்தப் பெயர்களின் முதற்பாதியைப் பாருங்கள்: வேதம், ஞானம், சத்தியம். வேதத்தைக் காதால் கேட்கவும் தகுதியில்லாதவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள், அதே சொற்களைத் தங்கள் பெயராக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஊரார் அவர்களை 'வேதக்காரர்' என்று அழைத்தார்கள். அது கேலியாகவும் இருந்தது, ஒப்புதலாகவும் இருந்தது.

'அடியேன்' என்ற சொல் மட்டும் போகவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ ஜெபத்தில் அது இன்றும் ஒலிக்கிறது. ஆனால் யாரை நோக்கி என்பது மாறிவிட்டது. ஒருவருக்கு மட்டும் முழு அடிமை என்று ஒப்புக்கொண்டவர் மற்றெவருக்கும் அடிமையாக இருக்க வேண்டியதில்லை. இந்த வாதம் தமிழுக்குப் புதிதும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னனின் ஆணையை மறுத்த அப்பர், சிவனுக்கு ஆளானவன் வேறு எவருக்கும் குடியில்லை என்றுதான் எதிர்த்து நின்றார். பக்தி இலக்கியம் வைத்திருந்த இந்த வெடிமருந்தை நந்தனுக்குக் கொடுக்கவில்லை; அவர் தீயில் இறங்கித்தான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது. தென்திருவிதாங்கூரில் அதே வாதத்தோடு பள்ளிக்கூடமும் அச்சகமும் மனு எழுதித் தர ஆளும் சேர்ந்து வந்தன. 1819இல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

இனி துணிக்கு வருவோம். மேலாடை உரிமைக்காகச் சாணார் பெண்கள் நடத்திய தோள்சீலைக் கலகத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதிலும் பாதி கட்டுக்கதை. மானத்தை மறைக்கப் பெண்கள் போராடினார்கள் என்று சுருக்கிவிடுகிறோம். அன்றைய வழக்கம் அப்படி இல்லை. மார்பைத் திறந்து வைப்பது தன்னைவிட உயர்ந்தவருக்குக் காட்டும் மரியாதை. சாணார் பெண் நாயருக்கு முன் திறந்து நிற்க வேண்டும். நாயர் பெண்ணும் நம்பூதிரிக்கு முன்னும் அரசருக்கு முன்னும் துணியை விலக்க வேண்டும். யார் யாருக்கு முன் திறந்து நிற்கிறார் என்பதுதான் சாதியின் கணக்குப் புத்தகம். ஆகவே அங்கே மேலாடையின் பொருள் வெட்கத்தைவிட அந்தஸ்தைப் பற்றியதாகவே இருந்தது.

மிஷனரிகளுக்கு இது சரியாகப் புரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம். அவர்களுக்கு உடம்பு மூடியிருந்தால் போதும். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுவதைப் போன்ற குப்பாயம் என்னும் மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளக் கிறிஸ்தவப் பெண்களுக்கு மன்றோ காலத்திலேயே அனுமதி கிடைத்தது. மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான ரவுக்கை ஒன்றைத் தைத்தும் கொடுத்தார்கள். அத்தோடு பிரச்சினை முடிந்தது என்று எண்ணினார்கள். பெண்களோ ரவுக்கையைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலையையும் போர்த்திக்கொண்டார்கள். பாதிரியார் அம்மா கொடுத்தது ஒழுக்கம். இவர்களுக்கு வேண்டியிருந்தது சமத்துவம். இரண்டும் ஒரே துணியில் கிடைக்காது என்று கண்டுகொண்டவர்கள் இரண்டையும் சேர்த்து அணிந்தார்கள்.

1822இல் கல்குளம் பகுதியில் சந்தையிலும் சாலையிலும் துணி கிழிக்கப்பட்டது. பத்மநாபபுரம் நீதிமன்றம் 1823இல் பெண்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 1827இலிருந்து மீண்டும் அடிதடி. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வந்த அரச விளம்பரம் குப்பாயத்தை விட்டுவைத்து, தோள்சீலையை மறுத்தது; ஊழியத்தை மற்றவர்களைப் போலவே செய்ய வேண்டும் என்றும் சொன்னது. எதை எரிச்சலாகக் கருதினார்கள் என்பது இதிலிருந்தே தெளிவாகிறது. அரசின் கண்ணுக்குக் குப்பாயம் உறுத்தவில்லை. தோளில் கிடந்த துணிதான் உறுத்தியது.

1858இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்ததும், மதக் காரியங்களில் அரசு இனித் தலையிடாது என்று இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி பொருள் எடுத்துக்கொண்டன. பழைய கட்டுப்பாட்டை இனிக் கைவலிமையால் காக்கலாம் என்று மேல்சாதியார் இறங்கினார்கள். திவான் மாதவராவ் டிசம்பரில் விட்ட விளம்பரம் கலகத்தைத் தணிக்கவில்லை. ஜெபக்கூடங்கள் எரிந்தன. கடைசியில் சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் விட்டார். சாணார் பெண்கள், எந்த மதத்தவராயினும், ரவுக்கை போடலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. வெற்றி என்று வரலாற்று நூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. எனக்கு அந்தக் கடைசி நிபந்தனையைத் தாண்டிப் போக முடியவில்லை. உடம்பை மூட அனுமதித்தவர்கள் நிகர் என்பதை மட்டும் அன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வரலாற்றைக் கிறிஸ்தவத்தின் தனிச்சொத்தாக எழுதுவது நேர்மையாகாது. விளம்பரம் 'எந்த மதத்தவராயினும்' என்று சொல்ல நேர்ந்ததற்கு, இந்துச் சாணார் பெண்களும் அதற்குள் தோளை மூடத் தொடங்கியிருந்தது ஒரு காரணம். அதே மண்ணில் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபாட்டுக்கு வரச் சொன்னார். சாமித்தோப்பில் இன்றும் தலைப்பாகையோடுதான் ஆண்கள் உள்ளே போகிறார்கள். அவர் வழியினர் கும்பிடும் நிழல் தாங்கல்களில் சிலைக்குப் பதில் கண்ணாடி இருக்கிறது. கும்பிட வருபவர் அதில் தன் முகத்தைப் பார்க்கிறார். மிஷனரிகளையும் கடுமையாகவே பேசியவர் வைகுண்டர். தன்மதிப்புக்கு இரண்டு வாசல்கள் பத்துப் பதினைந்து மைல் தூரத்துக்குள் ஒரே காலத்தில் திறந்தன. ஒரே குடும்பத்திலிருந்து ஆளுக்கொரு வாசலாக நுழைந்தவர்களும் உண்டு.

கொடுத்தவரின் சொல்லுக்குக் கட்டுப்படாத தன்மதிப்பு என்று மேலே சொன்னேன். அதற்குச் சாட்சி திருநெல்வேலியில் இருக்கிறது. மிஷனரி கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சாணார்களிடையே கழித்தவர். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்துக்காகத் தமிழ்நாடு அவரைக் கொண்டாடுகிறது. மெரினாவில் சிலை நிற்கிறது. ஆனால் அதற்கு முன் 1849இல் அவர் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். வெளிநாட்டில் பணம் திரட்ட உதவும் என்று எழுதியதாக இருக்கலாம். அதில் அந்தச் சமூகத்தை இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும், அறிவில் பின்தங்கியவர்கள் என்றும் காட்டினார். தேவசாயல் என்று பிரசங்கம் செய்தவரின் கையே எழுதியது அது.

நாசரேத்து மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு முரண்பட்டு 1850 வாக்கில் வெளியேற்றப்பட்டவர். கால்டுவெல்லின் நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அவர் இந்து மதத்துக்குத் திரும்பவில்லை. பைபிளை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்காரனுடைய கிறிஸ்தவம் ஐரோப்பியப் பழக்கவழக்கம், பைபிளில் இருப்பது கிழக்கத்திய மதம் என்றார். பழைய ஏற்பாட்டில் சாம்பிராணி இருக்கிறது, பண்டிகைகள் இருக்கின்றன, ஓய்வுநாள் சனிக்கிழமை. அப்படியானால் நாற்காலியும் ஞாயிறும் எதற்கு? 1857இல் மூக்குப்பீறியில் அவர் தொடங்கிய சபை தரையில் அமர்ந்து, சாம்பிராணி புகைத்து, சனிக்கிழமையில் ஆராதித்தது. வெளிநாட்டுக் காசு வாங்கவில்லை. பின்னாளில் அது ஏக இரட்சகர் சபை என்று அறியப்பட்டது. மிஷனரிகளுக்கு இது நன்றிகெட்டதனமாகத் தெரிந்தது. எனக்கு இது அவர்கள் பாடம் பலித்ததன் அடையாளமாகத் தெரிகிறது. எழுத்துக் கற்றவன் தன்னைப் பற்றி எழுதியிருப்பதையும் படிப்பான் அல்லவா? இன்று நாடார் என்று அறியப்படும் சாணார்களின் எதிர்ப்பு மேலும் மேலும் வலுத்து, கால்டுவெல்லின் அந்தச் சிறுநூல் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டது.

எல்லாரும் மேலேறத்தான் நம்பிக்கையைப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்கெனவே மேலே இருந்தவர்கள் அங்கேயே இருக்கவும் பயன்படுத்தினார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி சபைக்குள் முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர் வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்காக வாதாடியவர் வேதநாயக சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெருங்கவிஞர். எங்கள் ஆகாரமும் ஆசனமும் நாட்டு வழக்கம், அதை மாற்றச் சொல்வது ஐரோப்பிய வழக்கத்தைத் திணிப்பது என்பது அவர்கள் வாதம். சட்டாம்பிள்ளையும் ஐரோப்பிய வழக்கத்தைத்தான் எதிர்த்தார். ஒரே வாதம், ஒருவர் கையில் ஏணி, மற்றவர் கையில் வேலி.

வேலி சுவராகவே எழுந்த ஊர் வடக்கன்குளம். அங்கே 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் கால்சட்டையைப் போல இரண்டு கால்களாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் வெள்ளாளர், ஒரு பக்கம் நாடார், நடுவே சுவர். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். குருவானவர் இரு தரப்புக்கும் தெரிவார், ஒருவருக்கொருவர் தெரிய வேண்டியதில்லை. 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சுவர் எழுந்ததும் நம்பிக்கையாளர்களால், இடிந்ததும் நம்பிக்கையாளர்களால் என்பதைக் கிறிஸ்தவத்தை வாழ்த்த வருபவர்களும் ஏச வருபவர்களும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நட்டாலத்து நாயர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகியவர். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் தேதி ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் வத்திக்கான் ஒரு திருத்தம் செய்தது: அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' எடுக்கப்பட்டது. ஞானஸ்நானத்துக்குப் பின் கிட்டத்தட்ட 275 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தலித் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தனி இடம், திருவிழாத் தேர் தங்கள் தெருவுக்கு வராமல் திரும்பிப் போவது, இவை பற்றி அவர்கள் கொடுத்த மனுக்களைச் சேர்த்தால் தனி ஆவணக்காப்பகம் வேண்டும். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' ஏன் அத்தனை அதிர்ச்சி தந்தது? கன்னியர் மடத்துக்குள் இருந்து பார்த்தவர் எழுதினார் என்பதால். அவரும் இயேசுவை விட்டுவிடவில்லை; இயேசுவை வைத்தே மடத்தைக் கேள்வி கேட்டார். வேதமாணிக்கம், சட்டாம்பிள்ளை, பாமா மூவரையும் ஒரே வரிசையில் வைக்கத் தோன்றுகிறது எனக்கு.

அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவருக்கு, அதே தொழில் செய்த மற்றவர்களுக்கு அரசு கொடுத்த சிறு கடை கிடைக்கவில்லை; காரணம் அவர் கிறிஸ்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதம் மாறிய பின்பும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று 1985இல் தள்ளுபடியானது. அதாவது அவர் நீதிமன்றத்தில் தன் நம்பிக்கை தனக்கு மதிப்பைத் தரவில்லை என்று நிரூபித்திருக்க வேண்டும். இப்படியொரு சாட்சியை எந்தச் சபையும் எந்த விசுவாசியிடமும் கேட்டிருக்காது.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே பல வீடுகளில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஞானஸ்நானப் பதிவேட்டில், மற்றது பள்ளிச் சான்றிதழில். கோயிலில் ஒரு பெயருக்கு எழுந்து நிற்பவர், தாலுகா அலுவலகத்தில் இன்னொரு பெயருக்கு எழுந்து நிற்கிறார். இந்தக் கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது. மூன்றாம் பத்தி அப்படியேதான் இருக்கிறது.